ஏசிஎல் ஆபரேஷன் முடிந்து 11 வாரம், வலி இல்லை: இனி ஓடலாமா, ஆடலாமா?

உங்கள் கேள்வியை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். வயது 23. கபடியில் ரெய்டு போய்த் திரும்பும்போது வலது முட்டி திருகி, முட்டிக்குள் மேல் எலும்பையும் கீழ் எலும்பையும் பிணைக்கிற ஏசிஎல் ஜவ்வு அறுந்திருக்கிறது. பின்தொடையிலிருந்து தசைநாண் எடுத்துப் புது ஜவ்வு வைத்திருக்கிறார்கள், அந்த எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கிற மெனிஸ்கஸில் இருந்த கிழிசலையும் தைத்திருக்கிறார்கள். இன்றோடு 11 வாரம். வலி ஏறக்குறைய இல்லை, சில நாள் சாயங்காலம் மட்டும் முட்டி லேசாக உப்புகிறது. ஜிம்முக்குப் போகலாமா, ஓடலாமா, எந்தப் பயிற்சி ஆகாது என்று மூன்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், பொங்கலுக்கு ஊரில் டோர்னமென்ட் இருக்கிறது, டீமில் ரெய்டருக்கு ஆள் இல்லை என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான் நீங்கள் உண்மையில் கேட்க வந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. பொங்கல் வரும்போது உங்களுக்கு ஆறாவது மாதம் நடந்துகொண்டிருக்கும். அந்தக் கணக்கை நீங்களும் போட்டுப் பார்த்திருப்பீர்கள்.

நான் 18 வருடமாக பிசியோதெரபி செய்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் முட்டிக்காக வருகிறவர்கள். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். ஜிம்முக்கு இன்றைக்கே போகலாம், ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்து போகவேண்டும். ஓட்டம் இப்போது வேண்டாம். பொங்கல் டோர்னமென்டில் ஆடக் கூடாது. கடைசியாகச் சொன்னது உங்களுக்கு எவ்வளவு வலிக்கும் என்று தெரிந்தே சொல்கிறேன், தம்பி. ஏன் என்று விளக்காமல் விட்டால் அது வெறும் தடையாகத்தான் கேட்கும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

புதிதாக வைத்த ஜவ்வுக்கு முதல் நாளில் ரத்த ஓட்டமே கிடையாது. எலும்பில் துளை போட்டு, ஸ்க்ரூவோ பட்டனோ வைத்து இறுக்கிய கயிறு மாதிரிதான் அது இருக்கும். அதற்குப் பிறகு சுற்றியுள்ள திசுவிலிருந்து ரத்தக் குழாய்கள் அதற்குள் வளர்கின்றன. பழைய செல்கள் போய்ப் புதியவை குடியேறுகின்றன. நார்கள் பிரிந்து மறுபடி கட்டப்படுகின்றன. உத்திரம் மாற்றுகிற ஓட்டுவீடு போல என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் வீடு நிற்கிறது, உள்ளே முட்டுக் கொடுத்துத்தான் நிற்கிறது. ஆடு, முயல் போன்ற விலங்குகளில் செய்த ஆய்வுகளில், 6 முதல் 12 வாரத்துக்குள் அந்த ஜவ்வின் பலம் மிகவும் இறங்கியிருப்பதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். மனிதர்களில் அதே அளவுக்கு இறங்குகிறதா என்பது அவ்வளவு உறுதியில்லை. மனித முட்டியிலிருந்து எடுத்த சிறு திசுத் துணுக்குகளை வைத்துப் பார்த்ததில், சிதைவு அந்த அளவுக்கு இல்லை, ஆனால் மறுபடி கட்டுகிற வேலை விலங்குகளைவிட மெதுவாக, ஒரு வருடத்தைத் தாண்டியும் நடக்கிறது என்று தெரிகிறது. எப்படிப் பார்த்தாலும், உங்களுக்கு முட்டி நன்றாகிவிட்டது போலத் தோன்றுகிற இந்த மாதமும், உள்ளே ஜவ்வு தயாராகாத மாதமும் ஒன்றே. உள்ளே நடக்கிற இந்த வேலைக்கு வலி கிடையாது. அதனால் வலி இல்லை என்பதை வைத்து ஜவ்வைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

இதை நான் புத்தகத்தில் படித்ததோடு சரி என்று இருந்தேன். தொழிலுக்கு வந்த மூன்றாவது வருடத்தில்தான் உறைத்தது. வாலிபால் ஆடுகிற ஒரு கல்லூரிப் பையன், ஆபரேஷன் ஆகி மூன்றரை மாதம். "வலியே இல்ல சார்" என்று சிரித்துக்கொண்டு வந்தான். நடை நன்றாக இருந்தது. ஓடலாம், மெதுவாகக் குதித்துப் பழகலாம் என்று நான் சொன்னேன். நான்கு வாரத்தில் முட்டி பந்து மாதிரி வீங்கித் திரும்பி வந்தான். குதித்து இறங்கும்போது முட்டி உள்பக்கமாக மடங்கியிருக்கிறது, புது ஜவ்வு போய்விட்டது. அன்று நான் வலியை மட்டும்தான் கேட்டேன். தொடையை அளக்கவில்லை, ஒற்றைக் காலில் உட்கார்ந்து எழச் சொல்லிப் பார்க்கவில்லை. அதன் பிறகு ஒருவரைக்கூட அளக்காமல் ஓட விட்டதில்லை.

சரி, வலியை நம்ப முடியாது என்றால் எதை நம்புவது? வீக்கத்தை நம்புங்கள். சாயங்காலம் லேசாக உப்புகிறது என்று நீங்கள் பெரிதுபடுத்தாமல் எழுதிவிட்டீர்கள், எனக்கு உங்கள் பதிவிலேயே முக்கியமான வரி அதுதான். மூட்டுக்குள் நீர் கோத்தால், மூட்டைக் காப்பாற்றுவதாக நினைத்து உடம்பு தொடையின் முன்தசைக்குப் போகிற கட்டளையைக் குறைத்துவிடும். அடிபடாத முட்டிக்குள் உப்புநீரைச் செலுத்திப் பார்த்த பரிசோதனைகளில்கூட இது நடந்திருக்கிறது. அப்படியானால் வீங்கிய முட்டியோடு எவ்வளவு பயிற்சி செய்தாலும் தொடை ஏறாது. நீங்கள் கஷ்டப்படுவீர்கள், தசைக்குப் போய்ச் சேராது.

வீட்டிலேயே பார்க்க ஒரு வழி இருக்கிறது. காலை நீட்டிப் படுத்துத் தொடையைத் தளர்வாக விடுங்கள். முட்டிச் சில்லின் உள்பக்க ஓரத்தில் கீழிருந்து மேலாக உள்ளங்கையால் இரண்டு மூன்று தடவை வழித்துவிடுங்கள். அங்கிருக்கும் நீர் மேலே ஒதுங்கிவிடும். பிறகு வெளிப்பக்கத்தில் மேலிருந்து கீழாக ஒரு தடவை வழியுங்கள். அப்போது உள்பக்கக் குழியில் சிற்றலை மாதிரி நீர் வந்து உப்பினால் கொஞ்சம் நீர் இருக்கிறது. வெளிப்பக்கம் வழிப்பதற்கு முன்பே தானாக வந்து நிரம்பினால் நிறைய இருக்கிறது. இதைத் தினமும் காலையில் எழுந்தவுடன் செய்து ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். முந்தைய நாள் செய்த பயிற்சிக்கு மறுநாள் காலையில் முட்டி சொல்கிற பதில் அது. கூடவில்லை என்றால் அதே பாரத்தைத் தொடரலாம், மெல்ல ஏற்றலாம். கூடியிருந்தால் அன்று பயிற்சியை விட்டுவிட்டு, அடுத்த முறை பாரத்தைக் குறைக்க வேண்டும். பயிற்சி செய்கிறபோது வருகிற வலிக்கு, 10க்கு 5 வரை பொறுக்கலாம், மறுநாள் காலைக்குள் தணிந்துவிட வேண்டும் என்று ஓர் அளவுகோல் உண்டு. அது முட்டியின் முன்பக்க வலிக்காக ஸ்வீடனில் உருவானது. ஆபரேஷன் ஆன முட்டிக்கு அதை அப்படியே வைக்க எனக்குத் தயக்கம். என்னிடம் வருகிறவர்களை 3க்கு மேல் போக விடுவதில்லை.

ஜிம் பற்றிப் பேசுவதற்கு முன் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். கட்டிலில் குப்புறப் படுத்து, முட்டிக்குக் கீழே இரண்டு காலும் வெளியே தொங்கும்படி வையுங்கள். யாரையாவது பின்னால் நின்று இரண்டு குதிகால்களும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். வலது குதிகால் உயரமாக நின்றால் முட்டி இன்னும் முழுதாக நீளவில்லை என்று பொருள். ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம் ஏறக்குறைய ஒரு டிகிரி. மடங்காததைப் பற்றி எல்லோரும் கவலைப்படுவார்கள், நீளாததைக் கண்டுகொள்ள மாட்டார்கள். ஆனால் பிற்காலத்தில் நொண்டலையும் முன்முட்டி வலியையும் கொண்டுவருவது நீளாத முட்டிதான். மூன்று, நான்கு சென்டிமீட்டர் இருந்து, நீட்டும்போது முன்பக்கம் ஏதோ தடுக்கிற மாதிரியும் இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். ஜவ்வுக்கு முன்னால் சதைக்கட்டி மாதிரி ஒன்று வளர்ந்து தடுப்பதுண்டு, அது பயிற்சியால் போகாது.

இப்போது ஜிம். உங்கள் வேலை ஒன்றுதான், சூம்பிப்போன வலது தொடையைத் திரும்பக் கொண்டுவருவது. நான் அடிக்கடி பார்க்கிற தவறு, ஆபரேஷன் முடிந்த இரண்டாம் நாள் சொல்லிக்கொடுத்த காலை நீட்டித் தூக்குகிற பயிற்சியை, கணுக்காலில் ஒரு கிலோ மணல் மூட்டை கட்டி, மூன்றாவது மாதத்திலும் தினம் நூறு தடவை செய்துகொண்டிருப்பது. தசை உறங்கிக்கிடந்தபோது அதை எழுப்பத்தான் அந்தப் பயிற்சி. தசை வளர அதற்குப் பாரம் வேண்டும். எட்டு முதல் பன்னிரண்டு தடவை செய்தால் கடைசி இரண்டு தடவை நிஜமாகவே கஷ்டமாக இருக்க வேண்டும், அதுதான் சரியான எடை. மூன்று செட், ஒருநாள் விட்டு ஒருநாள். லெக் பிரஸ் (உட்கார்ந்து பலகையைக் காலால் தள்ளுகிற மெஷின்) செய்யுங்கள், முட்டி 70 டிகிரிக்கு மேல் மடங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தாழ்வான படியில் ஏறி இறங்குங்கள். இறங்கும்போது கண்ணாடி முன் நின்று முட்டி உள்பக்கம் சாய்கிறதா என்று கவனியுங்கள். இரண்டு காலில் செய்தால் நல்ல கால் பாரத்தைத் தானே இழுத்துக்கொள்ளும், உங்களுக்கே தெரியாது. அதனால் ஒற்றைக் காலில், அதுவும் ஆபரேஷன் ஆன காலில் முதலில் செய்யுங்கள். இடது காலையும் விட்டுவிடாதீர்கள். இந்த 11 வாரத்தில் அதுவும் இளைத்திருக்கும்.

உட்கார்ந்து காலை உதைத்து நீட்டுகிற லெக் எக்ஸ்டென்ஷன் மெஷின் பற்றி பிசியோக்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. கடைசி 45 டிகிரி நீட்டலில் ஜவ்வின் மேல் இழுவை கூடுகிறது என்பது பழைய கவலை. அந்தக் கவலை தேவைக்கு மேல் பெரிதாகிவிட்டது என்று பிற்பாடு வந்த ஆய்வுகள் காட்டுகின்றன, ஆனால் உங்களைப் போல் பின்தொடை நாண் வைத்தவர்களுக்கு அந்த ஆதாரம் கொஞ்சம் மெலிவானது. நான் இந்தக் கட்டத்தில் 90லிருந்து 45 டிகிரி வரை மட்டும், குறைந்த எடையில் கொடுக்கிறேன். உங்கள் டாக்டர் வேண்டாம் என்றால் அவர் சொல்வதைக் கேளுங்கள். பின்தொடையில் நாண் எடுத்த இடமும் ஒரு காயம்தான். மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குகிற பிரிட்ஜ் செய்யலாம், பின்தொடைத் தசைக்காக எடை வைத்துக் காலைப் பின்னால் மடக்குகிற கனத்த ஹாம்ஸ்ட்ரிங் கர்ல் இன்னும் சில வாரம் பொறுக்கட்டும்.

மெனிஸ்கஸ் தையலால் உங்களுக்குக் கூடுதல் கட்டுப்பாடு இருக்கிறது. முட்டியை ஆழமாக மடக்கி அதன்மேல் உடல் பாரத்தைப் போட்டால் மெனிஸ்கஸின் பின்பகுதி நசுங்கும். ஆகவே முழு பஸ்கி கிடையாது. குத்தவைத்து உட்காருவது, சப்பணம் போடுவது இரண்டும் இப்போதைக்கு இல்லை. வீட்டில் இந்திய முறைக் கழிப்பறைதான் என்றால் மேலே வைக்கிற ஸ்டூல் நாற்காலி ஒன்று வாங்கிவிடுங்கள். கல்யாணப் பந்தியில் தரையில் உட்காராதீர்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். அப்புறம் ஜிம்மில் யாரும் சொல்லித்தராத சில. பைக் கிக்கரை வலது காலால் உதைக்காதீர்கள், அது எதிர்த்து அடித்தால் முட்டி தாங்காது. புல்-அப் கம்பியிலிருந்து தொப்பென்று குதிக்காதீர்கள், கீழே பெஞ்ச் வைத்து இறங்குங்கள். நிலையான சைக்கிள் தாராளமாக ஓட்டலாம். தண்ணீரில் நடக்கலாம், கிணற்றில் குதிக்கிற வேலை வேண்டாம். மேலுடம்புக்குத் தடையே இல்லை. தண்டால், பெஞ்ச் பிரஸ் எல்லாம் செய்யுங்கள், மனதுக்கும் அது நல்லது.

ஓட்டத்துக்குப் பொதுவாக 12 வாரத்தை ஒட்டி அனுமதிப்பார்கள். மெனிஸ்கஸ் தைத்தவர்களைப் பல டாக்டர்கள் நான்கு மாதம் வரை நிறுத்திவைப்பார்கள். தேதி வந்தால் மட்டும் போதாது. காலையில் நீர் சோதனையில் அலை வரக்கூடாது. குதிகால் இரண்டும் சமமாக இருக்க வேண்டும். அரை மணி நேரம் வேகமாக நடந்த மறுநாள் முட்டி அமைதியாக இருக்க வேண்டும். நாற்காலியிலிருந்து வலது காலை மட்டும் ஊன்றி, கை கொடுக்காமல், ஆடாமல் குறைந்தது பத்துப் பதினைந்து தடவை எழ முடிய வேண்டும். இந்த எண்ணிக்கை ஆய்வு சொல்வதைவிட என் அனுபவம் சொல்வது. இவையெல்லாம் சேர்ந்த பிறகு, ஒரு நிமிடம் மெதுவோட்டம், இரண்டு நிமிடம் நடை என்று சமதளத்தில் ஆரம்பிக்கலாம். வரப்பிலும் மணலிலும் வேண்டாம்.

கபடிக்கு வருவோம். அமெரிக்காவின் டெலவேர், நார்வேயின் ஆஸ்லோ ஆராய்ச்சியாளர்கள் சேர்ந்த குழு, ஏசிஎல் ஆபரேஷன் ஆன 106 பேரைத் தொடர்ந்து கவனித்து 2016இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. ஆட்டத்துக்குத் திரும்புவதை ஒன்பதாவது மாதம் வரை தள்ளிப்போடுகிற ஒவ்வொரு மாதத்துக்கும் முட்டி மறுபடி அடிபடுகிற வாய்ப்பு சுமார் பாதி குறைந்தது. தொடை பலம், துள்ளல் போன்ற சோதனைகளில் தேறாமல் திரும்பியவர்களில் 38 சதவீதம் பேருக்கு மறுபடி அடிபட்டது, தேறித் திரும்பியவர்களில் 5.6 சதவீதம் பேருக்குத்தான். சிறிய ஆய்வுதான், அதில் கபடி ஆடுகிறவர்கள் இல்லை. ஆனால் சட்டென்று திரும்புகிற, குதித்து இறங்குகிற ஆட்டக்காரர்கள்தான் இருந்தார்கள், அதனால் உங்களுக்கும் பொருந்தும் என்றே எடுத்துக்கொள்கிறேன். இன்னொரு பெரிய தொகுப்பாய்வில், 25 வயதுக்குள் விளையாட்டுக்குத் திரும்பியவர்களில் 23 சதவீதம் பேருக்கு இரண்டாம் முறை ஏசிஎல் அறுந்திருக்கிறது, இந்தக் காலிலோ மற்ற காலிலோ. நான்கு பேர் திரும்பினால் ஏறக்குறைய ஒருவர். உங்கள் வயது 23 என்பதால்தான் இதைச் சொல்கிறேன். நாற்பது வயதில் காலை நடைக்குப் போகிறவருக்கு நான் இவ்வளவு பயம் காட்ட மாட்டேன்.

அத்தோடு கபடியில் ஒன்று தனி. காலைப் பிடித்து இழுக்கிற ஆட்டம் அது. கணுக்காலை ஒருவன் பிடித்திருக்க, இன்னொருவன் பக்கவாட்டில் மோத, நீங்கள் கோட்டை நோக்கித் திருகித் தாவுவீர்கள். ஏசிஎல் அறுக்க அதைவிடத் தோதான நிலை கிடையாது. இதை எந்த ஆஸ்பத்திரிச் சோதனையிலும் ஒத்திகை பார்க்க முடியாது. ஆகவே நான் கபடிக்காரர்களுக்கு ஒன்பது மாதம் என்பதைக் கீழ் எல்லையாகத்தான் வைக்கிறேன். பெரும்பாலும் பத்து, பதினொன்று ஆகிறது. முதலில் ஆள் தொடாத ரெய்டு, பிறகு ஒருவரோடு, பிறகு இருவரோடு என்று படிப்படியாக ஏற்றிய பிறகுதான் முழு ஆட்டம்.

சிலர் எண்ணெய் போட்டு நீவச் சொல்லியிருப்பார்கள், கட்டுப் போடுகிறவரிடம் போகச் சொல்லியிருப்பார்கள். தொடையில், கெண்டைக்காலில் மெதுவாக எண்ணெய் தேய்ப்பதில் தப்பில்லை. முட்டியைப் பிடித்து முறுக்கவோ, பலமாக மடக்கிவிடவோ யாரையும் அனுமதிக்காதீர்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஜிம்முக்குப் போகாதீர்கள். முட்டி சொல்கிற பதில் கேட்காமல் போய்விடும். கடையில் விற்கிற முட்டி பெல்ட் போட்டால் தைரியமாக இருக்கும், ஆனால் அது திருகலைத் தடுக்காது.

இந்தப் பதிவை விட்டுவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நேரமும் உண்டு. காய்ச்சலோடு முட்டி சூடாகி வீங்கினால், தையல் போட்ட இடத்தில் நீர் கசிந்தால், கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் இறுகி வலித்து வீங்கினால், முட்டி பூட்டிக்கொண்டால், அல்லது "டப்" என்று கேட்டு முட்டி நழுவினால் அன்றைக்கே காட்டுங்கள். நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தால் 108ஐக் கூப்பிடுங்கள்.

உங்கள் முட்டியை நான் பார்க்கவில்லை. மெனிஸ்கஸில் எந்த இடத்தில் கிழிசல், எத்தனை தையல், குருத்தெலும்பு தேய்ந்திருந்ததா என்பதெல்லாம் உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கும். நான் எழுதியதில் பாதி அதைப் பொறுத்து மாறலாம். அதை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் மூன்று கேளுங்கள். பாரத்தோடு எத்தனை டிகிரி வரை, எத்தனை வாரம் வரை மடக்கலாம்? ஹாம்ஸ்ட்ரிங்குக்கு எப்போது பாரம் கொடுக்கலாம்? ஓட்டத்துக்கு முன் தொடை பலத்தை எங்கே அளக்கலாம்? பணம் இடித்தால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பிசியோதெரபி பிரிவு இருக்கிறது. மாதம் ஒருமுறை போய் அளந்துவிட்டு வந்து, மீதியை ஜிம்மில் செய்யலாம்.

பொங்கல் விஷயத்தில் ஒன்று செய்யுங்கள். கேப்டனிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள், அவருக்கும் வேறு ரெய்டரைத் தேட நேரம் இருக்கும். அன்று மைதானத்துக்குப் போவதானால் ஜெர்சி போட்டுக்கொண்டு போகாதீர்கள். ஐந்து நிமிடம் மீதி இருக்கும்போது "ஒரே ஒரு ரெய்டுடா" என்று யாராவது கூப்பிடுவார்கள், உங்களால் மறுக்க முடியாது. இப்போதைக்கு, ஒரு வாரம் காலை வீக்கத்தைக் குறித்து, குதிகால் வித்தியாசம் எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து இங்கேயே எழுதுங்கள். அதைப் பார்த்து எந்த எடையில் ஆரம்பிக்கலாம் என்று சொல்கிறேன்.